கணக்கில் சேர்க்காத மூன்று தகடுகள்

ஜனவரி 9

காலை பத்தே முக்காலுக்கு இயந்திரம் தானாக நின்றது. இருபத்து மூன்று நாட்களாக ஓய்வில்லாமல் எங்கள் தகட்டை நொடிக்கு ஒரு தடவை அழுத்திக்கொண்டிருந்தது. மொத்தம் இருபது லட்சம் தடவை. தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. திருவாழி சார் தன் அறையிலிருந்து வந்து அதைத் தடவிப் பார்த்தார். "இனி மனுஷங்க கால்ல போட்டுப் பாக்கலாம், ஜெனோவா" என்றார். அவர் என் ஆய்வு வழிகாட்டி. ஆறு வருடத்தில் அவர் சிரித்து இரண்டாவது தடவையாகப் பார்க்கிறேன்.

ஏரல் பக்கத்துத் தோட்டங்களில் குலை வெட்டிய பிறகு கிடந்து அழுகும் வாழை மரங்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. மட்டையைக் காரக் கரைசலில் வேகவைத்து, வெளுத்து, அரைப்பானில் திரும்பத் திரும்ப ஓட்டினால் கடைசியில் கிடைப்பது ஆறிய கஞ்சி போல ஒன்று. அதற்குள் தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய செல்லுலோஸ் இழைகள். அதை எபாக்சி பிசினில் கலந்து வாழைநார்த் துணியோடு அடுக்கி அச்சில் அழுத்தினால், செயற்கைப் பாதத்துக்குள் வைக்கும் வளைந்த தகடு. மிதித்தால் வளைந்து, எடுத்தால் நிமிரும். வெளிநாட்டுக் கார்பன் பாதம் வாங்க முடியாதவர்களுக்காக.

வரும் வழியில் சாளை மீன் வாங்கினேன். அப்பா இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 19

கடல் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறப் போட்டிருந்த மூன்று தகடுகளையும் மூன்று நாட்களாக ஒவ்வொன்றாக இயந்திரத்தில் மாட்டி ஓட்டினேன். இதை யாரும் செய்யச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் செய்கிற பொருளைத் தூத்துக்குடித் தண்ணீரில் போட்டுப் பார்ப்போமே என்றுதான். முதலாவது எழுபத்தோராயிரத்தில் உடைந்தது. இரண்டாவது ஐம்பத்தெட்டாயிரம். மூன்றாவது அறுபத்து நாலாயிரம்.

சாரிடம் சொன்னேன். இயந்திரத்தின் பிடிப்பான் தளர்ந்திருக்கும் என்றார். மூன்றுக்குமா என்று கேட்டேன். மூன்றையும் அதே பிடிப்பானில்தானே மாட்டினாய் என்றார். மேலும், ஆட்களுக்குக் கொடுக்கப்போகும் தகடுகளுக்கு மேல்பூச்சு உண்டு; இவற்றுக்கு இல்லை. அதுவும் நியாயம்தான்.

பிடிப்பானின் திருகை மாற்றினேன். மூன்றையும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜனவரி 30

செயற்கைக் கால் மையத்தில் ஐந்து பேருக்கு எங்கள் பாதத்தைப் பொருத்த ஏற்பாடு. பொருத்துகிறவர் அருள்தாஸ் அண்ணன். இருபது வருடமாக இதே வேலை. பழைய கனமான ரப்பர் பாதங்களையே செய்து பழகியவர். எங்கள் பாதத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதான் வெயிட்டா?" என்றார்.

முதல் ஆள் சிவனணைந்தான். வயது நாற்பத்தொன்று. உப்பளத் தொழிலாளி. இரண்டு வருடத்துக்கு முன் உப்பு ஏற்ற வந்த லாரி பின்னால் எடுத்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. மனைவி பேச்சித்தாய் கூட வந்திருந்தார், அவரும் உப்பளம்தான்.

அறிவுரைத் தாளை நான்தான் வாசித்துக் காட்டினேன். ஈரத்தில் அணியக் கூடாது என்ற வரி வந்தபோது அவர் நிறுத்தச் சொல்லி, இனி என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்டார். கடையில் நிற்கலாம், காவல் வேலை பார்க்கலாம் என்றேன். பேச்சித்தாயைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி டீச்சர்" என்று கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.

பிற்பகலில் கம்பியைப் பிடிக்காமல் எட்டு அடி நடந்தார். பேச்சித்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

பிப்ரவரி 18

முதல் பரிசோதனை. ஐந்து பேரும் வந்தார்கள். எல்லோருடைய தகடும் நன்றாக இருக்கிறது.

சிவனணைந்தானின் நடை மற்ற எல்லோரையும்விடச் சுத்தம். பாதத்தில் பொருத்தியிருக்கும் அடி எண்ணும் கருவியில் ஒரு நாளைக்கு ஏழாயிரம். காலை நாலரை மணிக்கே எண்ணத் தொடங்கிப் பதினொன்றுக்கு நின்றுவிடுகிறது. காலையில் நடைப்பயிற்சி போகிறார் போலிருக்கிறது.

பாதத்தின் குதிகால் மடிப்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. வியர்வைக்குப் போடும் பவுடராக இருக்கும். துணியால் துடைத்தேன். உள்ளே தகட்டின் பூச்சு ஓரிடத்தில் லேசாக உரிந்திருந்தது. இன்னொரு கை பூச்சு அடித்துக் காயவைத்துக் கொடுத்தேன். மற்ற நாலு பேருக்கு அடிக்கவில்லை, தேவைப்படவில்லை.

பிப்ரவரி 22

சாம்பல் புதன். கோவிலுக்குப் போகவில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்துக்கு அடிக்குறிப்புகளை முடித்தேன்.

மார்ச் 4

உடைந்த மூன்றில் ஒன்றின் துணுக்கை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வேறு மாதிரிக்கு வாங்கியிருந்த நேரத்தில் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

இழைகள் பிசினில் பரவியிருக்கவில்லை. ஈரம் போகும்போது ஒன்றோடொன்று ஒட்டி, கட்டி கட்டியாக இருக்கின்றன. செல்லுலோஸ் தண்ணீரை விரும்பும், பிசின் விரும்பாது. அந்தக் கட்டிகளின் ஓரமாகவே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பிடிப்பானுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

படத்தைச் சாரிடம் காட்டினேன். பதினாறாம் தேதி தகட்டைத் தயாரிக்க முன்வந்திருக்கும் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், அதுவரை இதைத் திறக்காதே என்றார். என் உதவித்தொகை ஜூனோடு முடிகிறது என்பதையும் அவரே ஞாபகப்படுத்தினார். மிரட்டலாகச் சொல்லவில்லை, கரிசனமாகத்தான் சொன்னார்.

வீட்டுக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு நின்றேன்.

மார்ச் 16

கம்பெனியிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். சிவனணைந்தானை வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தார் சார். கல்லூரி முகப்புப் படிக்கட்டில் ஏறி இறங்கினார். கைதட்டல். ஒரு படியில் வேண்டுமென்றே துள்ளிக் காட்டினார். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். சார் எல்லோர் முன்னிலும் என் பெயரைச் சொன்னார்.

கிளம்பும்போது சிவனணைந்தான் என் பக்கத்தில் வந்து ஒன்று சொன்னார். கூட்டத்தின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

ஏப்ரல் 3

இரண்டாவது பரிசோதனை இன்று நடந்திருக்க வேண்டும். ஈஸ்டர் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று நானே தள்ளிவைத்தேன். அத்தியாயம் ஐந்து பாக்கி இருக்கிறது.

ஏப்ரல் 11

காலை ஒன்பது மணிக்கு அருள்தாஸ் அண்ணன் போன் செய்தார். உப்பளத்தில், பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தபோது சிவனணைந்தானின் பாதம் உடைந்துவிட்டது. விழுந்த வேகத்தில் வெட்டுப்பட்ட காலின் நுனி வரப்புக் கல்லில் மோதித் தோல் கிழிந்து எலும்பு தெரிகிறது. உப்புத் தண்ணீருக்குள் கிடந்தவரைப் பெண்கள்தான் தூக்கிக் கரையில் போட்டிருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

"ஒனக்கு முந்தியே தெரியுமாம்மா, அவரு உப்பளத்துக்குப் போறது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

ஏப்ரல் 12

உடைந்த பாதம் ஆய்வகத்துக்கு வந்தது. நெகிழிப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பைக்குள் இரண்டு விரற்கடை தண்ணீர். ரப்பரை அறுத்துத் தகட்டை எடுத்தேன். ஓரங்கள் ஊறி உப்பி, நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற அளவுக்கு இருந்தது. உடைந்த முகத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். நுண்ணோக்கி வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரிந்தது. நான் இரண்டாம் தடவை அடித்த பூச்சு மட்டும் படலமாகத் தனியே கழன்று வந்தது.

சார் பார்த்தார். பிறகு அறிவுரைத் தாளை எடுத்து வரச் சொன்னார்.

ஏப்ரல் 14

சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டிய அறிக்கையைச் சார் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பயனாளி எழுத்து மூலமான அறிவுரையை மீறி ஈரச் சூழலில் பயன்படுத்தியதால் சேதம் ஏற்பட்டது. பொருளின் குறைபாடு எதுவும் கண்டறியப்படவில்லை.

இரண்டாவது வாக்கியத்தில் கை நின்றது. சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். முதுகைக் காட்டியபடியே, "இது நின்னு போச்சுன்னா நாளைக்கு எத்தனை பேருக்குக் கால் கிடைக்காமப் போகும்னு யோசி" என்றார். அதை அவர் உண்மையாகவே நம்புகிறார் என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 15

துணி துவைத்தேன். அப்பாவின் கண் சொட்டு மருந்து வாங்கினேன்.

ஏப்ரல் 20

புண்ணில் சீழ் வைத்து மேலே ஏறிவிட்டதாம். நேற்று முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். அருள்தாஸ் அண்ணன் சொல்லித்தான் தெரியும். இன்று மருத்துவமனைக்குப் போனேன்.

கட்டிலுக்கு இடம் இல்லாமல் வராந்தாவில் பாய் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

"தப்பு எம்மேலதான் டீச்சர்" என்றார். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீய. நாந்தான் தண்ணிக்குள்ள எறங்குனேன். ஒங்க சாமானக் கெடுத்துட்டேன். ஒங்க படிப்புக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைப் பாயின் ஓரத்தில் வைத்தேன். பேச்சித்தாய் அதுவரை என்னிடம் பேசவில்லை. இப்போது நிமிர்ந்தார்.

"அன்னைக்கு காலேஜ்ல வச்சு ஒங்ககிட்ட சொன்னாராமே, உப்பளத்துக்குப் போறேன்னு. நெசந்தானா?"

"எனக்குக் கேக்கலக்கா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவனணைந்தான்தான் சொன்னார்: "ஒரே சத்தமா இருந்துச்சுல்லா. அவங்களுக்குக் கேட்டிருக்காது, விடு."

வெளியே வந்து மருத்துவமனை வாசலில் மூன்று பஸ்ஸை விட்டேன்.

ஏப்ரல் 21

கேட்டது.

அன்று அவர் என் காதுக்கு அருகில் வந்து சொன்னது இதுதான்: "உப்பளத்துல பழைய வேலைக்கே சேத்துக்கிட்டாவ டீச்சர். தண்ணிக்குள்ளதான் நிக்கேன். கால் கல்லு மாரி இருக்கு." முகமெல்லாம் சிரிப்பு. நான் "பாத்து இருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்காரர்களுக்குக் காபி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

பிப்ரவரியிலேயே தெரியும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு உப்புக்கும் பவுடருக்கும் வித்தியாசம் தெரியாதா? நாலரைக்கு எழுந்து பதினொன்றுக்கு வேலை முடிப்பவர்கள் யார் என்று தெரியாதா? தெரிந்துதான் அந்த ஒரு தகட்டுக்கு மட்டும் பூச்சு அடித்தேன். ஈரத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று ஐம்பது நாள் பார்த்தேன் என்றால் அதையும் மறுக்க முடியாது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கருவி தினமும் என் போனுக்கு அனுப்பும் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷப்பட்டேன்.

பிடிப்பானில் கோளாறு இல்லை. திருகைக் கழற்றும்போதே பார்த்தேன். தேயாமல் புதிதாக இருந்தது.

ஏப்ரல் 24

இன்னும் நான்கு பேர் அதே தகட்டின் மேல் நடந்துகொண்டிருக்கிறார்கள். சாரிடம் திரும்ப வாங்கிவிடலாம் என்றேன். வாங்கினால் குறை என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும் என்றார். அவர்களில் யாரும் உப்பளத்துக்குப் போகவில்லையே என்றார். மழை வராதா சார் என்று கேட்டேன். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ என்றார்.

ஏப்ரல் 29

தகடு உடையும் என்று நான் சொன்னதும் அருள்தாஸ் அண்ணன் தன் மோட்டார் சைக்கிளில் நான்கு பழைய ரப்பர் பாதங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. அவர் பின்னால் உட்கார்ந்து மூன்று நாளில் நான்கு ஊர் போனேன்.

இரண்டு பேர் பேசாமல் மாற்றிக்கொண்டார்கள். ஒரு பெரியவர், எல்லாம் விதி என்று மட்டும் சொன்னார். நான்காவது செல்லக்கிளி, தையல்காரி. கழற்ற விடவில்லை. இந்தப் பாதம் வந்த பிறகுதான் தையல் மெஷினின் மிதியை இரண்டு காலாலும் மிதிக்கிறேன், அந்தக் கட்டையைப் போட்டால் முடியாது என்றார். உடைந்து விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கினேன். "அப்பம் எதுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டார். உடைந்த தகட்டின் துண்டை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே வாரை அவிழ்த்துப் பாதத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

நான்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அறுத்தேன். செல்லக்கிளியின் தகட்டிலும் ஈரம் ஏறியிருந்தது. அவர் தண்ணீரிலேயே நின்றதில்லை. வெறும் வியர்வை.

மே 2

நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். ஊறவைத்த மூன்று தகடுகளின் எண்கள், நுண்ணோக்கிப் படம், அறுத்த நான்கு தகடுகளின் படங்கள், மார்ச் 16 அன்று சிவனணைந்தான் சொன்னதும் நான் சொன்னதும். ஏப்ரல் 14 அறிக்கையில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடைசியில் சேர்த்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மே 5

ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் 14

விசாரணை. குழுவில் ஐந்து பேர். தலைவர் ஓய்வு பெற்ற மருத்துவர். சார் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஊறவைத்த தகடுகளின் எண்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் இல்லையே என்றார். உண்மைதான். நான்தான் எழுதவில்லை.

சிவனணைந்தானை அழைத்தார்கள். இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி வந்தார். இடப்பக்கம் வேட்டியைத் தொடை வரை மடித்துக் கட்டியிருந்தார். மிக மெலிந்துவிட்டார். உப்பளத்துக்குப் போவதை யாரிடமாவது சொன்னீர்களா என்று தலைவர் கேட்டார். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"யாருகிட்டயும் சொல்லல சார்" என்றார்.

நான் எழுந்தேன். உட்காருங்கள் என்றார்கள். உட்காரவில்லை. என்னிடம் சொன்னார், எனக்குக் கேட்டது, அதற்கு முன்பே எனக்குத் தெரியும், ஈரத்தில் உடையும் என்பதும் அவருக்குப் பாதம் பொருத்துவதற்கு முன்பே தெரியும் என்றேன். குறித்துக்கொண்டோம் என்றார் தலைவர்.

வெளியே வராந்தாவில் சிவனணைந்தானும் பேச்சித்தாயும் பெஞ்சில் இருந்தார்கள். போய் முன்னால் நின்றேன். பேச்சித்தாய்தான் முதலில் பேசினார்.

"ஆஸ்பத்திரியில கேட்டேனே. எம்மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொன்னீங்களே."

"ஆமாக்கா. பொய் சொன்னேன்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கம் போய்விட்டார். சிவனணைந்தான் கட்டையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"அப்பம் எம்மேல தப்பு இல்லியா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி."

"நான் தண்ணிக்குள்ள எறங்காம இருந்தாலும் ஒடஞ்சிருக்குமா?"

"கொஞ்ச நாள் கழிச்சு ஒடஞ்சிருக்கும். வேர்வையே போதும்."

"ரெண்டு மாசமா," என்று தொடங்கி நிறுத்தினார். "ரெண்டு மாசமா இவகிட்ட ஏச்சு வாங்குதேன். எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்னு நானே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

பஸ் நிறுத்தம் வரை கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஜூலை 3

குழுவின் முடிவு வந்தது. சோதனை நிறுத்தப்படுகிறது. தகவலை மறைத்ததற்காக என் ஆய்வுப் பதிவு ரத்து. சாருக்கு எச்சரிக்கைக் கடிதம். சிவனணைந்தானுக்கு நிவாரணம் தரலாம் என்று ஒரு பரிந்துரை. யார் தருவது, எப்போது என்று அதில் எழுதவில்லை. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முழுதாக வாசித்தார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நல்லா வேணும்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 9

பரிந்துரையை வைத்து நிவாரணம் கேட்டு மனு எழுதி, கையெழுத்து வாங்க சிவனணைந்தான் வீட்டுக்கு நாளை போகலாம் என்றிருந்தேன். காலையில் அவரே போன் செய்தார். பேச்சித்தாய் இப்போது அவருடைய பாத்தியிலும் சேர்த்து வேலை செய்கிறாராம். இவர் வீட்டில் உட்கார்ந்தபடியே சோறு வடிக்கிறாராம். மனுவை அருள்தாஸ் அண்ணனிடம் கொடுத்து அனுப்பச் சொன்னார்.

"நீங்க வராதீங்க டீச்சர்" என்றார். "அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தோணல. இப்பதான் கோவம் வருது. காலையில முழிச்சதும் வருது. ஒங்களப் பாத்தா என்ன பேசுவேன்னு எனக்கே தெரியல."

"வந்து கேட்டுக்கிறேன் அண்ணாச்சி" என்றேன்.

"வேண்டாம். நான் பேசுனா நீங்க கேட்டுட்டு அழுவீய. அத நான் பாக்கணும். அது எனக்கு எதுக்கு?"

சரி என்றேன். போனை வைத்துவிட்டார். பிறகு மனுவைத் திருத்தமாக மறுபடி எழுதினேன். நடந்ததை அவர் சொல்வது போல எழுத வேண்டிய இடத்தில், 'எனக்குத் தெரிவிக்கப்படவில்லை' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'தெரிந்தும் என்னிடம் மறைத்தார்கள்' என்று எழுதி, மறைத்தவர்கள் வரிசையில் என் பெயரை முதலில் போட்டேன்.